ஏழாம் கிரகோரியார்

துஸ்கனி நாட்டில் எளிய குடியிற் பிறந்த ஹில்டிபிராண்டு, 1073-ம் ஆண்டில் ஏழாம் கிரகோரி என்னும் நாமத்தோடு பாப்பரசரானார். மேற்றிராணிமார்க்குக் கோலும் மோதிரமும் அரசர் அளித்தலாகாதென்று அவர் தடுக்கவே, ஜெர்மானிய அரசனாகிய நான்காம் ஹென்றி வெகுண்டு, 1076-ல் அவரைப் பதவி துறக்கும்படி பணித்தான். கிரகோரியாரோ அவனைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். பிரபுக்களும் அவனைக் கைவிடத் துணிந்தனர். 1077-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கனோசாக் கோட்டை வாயிலிலே, உறைபனியில் வெறுங்காலோடு மூன்று நாள் நின்றான் ஹென்றி. அரசியல் வல்லார் எவரும் அக்கதவைத் திறந்திரார். ஆயின், மன்னிப்பு வேண்டி நிற்போனைக் குருவானவர் தள்ளுவதெங்ஙனம்? மன்னித்தார். அம்மன்னிப்பால் வலிமை மீண்ட ஹென்றி, 1084-ல் உரோமாபுரியைக் கைப்பற்றி, தான் நிறுத்திய எதிர்ப் பாப்பரசரின் கையாற் சக்கரவர்த்தியாக முடிசூடினான். கிரகோரியாரை மீட்க வந்த நார்மானியரோ நகரைக் கொள்ளையிட்டனர். குடிகளின் சினத்துக்கு ஆளாகிய அவர் அவர்களுடனே வெளியேறி, 1085-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி சலேர்னோவில் உயிர்நீத்தார்.