மூணாவது அட்டெம்ப்ட்டில் பாஸான சுப்பாராவ்

திருச்சுழி பக்கம் கர்ப்பிணிகளுக்குத் தர்ற இரும்புச்சத்து மாத்திரையில ஃபோலிக் அமிலமும் இருக்கும். அதை ஆய்வகத்துல உருவாக்கின குழுவின் தலைவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். 1895-ல பீமவரத்துல பிறந்தவர். மெட்ரிகுலேஷன் மூணாவது தடவைதான் பாஸ். அரியர் கோஷ்டி கவனிக்க! சென்னை மருத்துவக் கல்லூரியில கதர் போட்டது பேராசிரியருக்குப் பிடிக்கல. எம்.பி.பி.எஸ். போய் எல்.எம்.எஸ்.தான் கிடைச்சது.

ஹார்வர்டுல ஃபிஸ்கேயோட சேர்ந்து ஏடிபி-யைப் பிரிச்செடுத்தார். சுவாசிக்கிற ஆக்சிஜனை வச்சு செல்கள் தயாரிக்கிற சக்தி அதுதான். அங்கே நிரந்தர வேலை தரல, லெடர்லே போனார்.

எலும்பு மஜ்ஜையில ஆக்சிஜன் சுமக்குற சிவப்பணுவும் கிருமியோட மோதுற வெள்ளையணுவும் உருவாக ஃபோலிக் அமிலம் வேணும். ரத்தப் புற்றுநோயில வெள்ளையணு முதிராமலே கண்டபடி பெருகும். அப்போ ஃபோலிக்கைத் தடுத்தா? அவர் குழுவின் அமினோப்டெரினை சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமா அடங்குச்சு. அந்த முடிவு வெளியானது 1948-ல. அதே ஆகஸ்ட்ல, 53 வயசுல, சுப்பாராவ் காலமானார்.