அரியர் வைத்த ஆழ்கடல் வீரர்



ஆண்டு மலருக்கு ஒரு சாதனையாளரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மாணவர் சங்கத்தில் கேட்டார்கள். பெரிய தலைவர்களைப் பற்றி எழுத நம்ம காலேஜில் நல்ல பேச்சாளர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது கார்ல் பிரஷீர் என்ற அமெரிக்கக் கடற்படை டைவரைப் பற்றி. நான் பிறப்பதற்கு முன்பே, 2006இல் அவர் இறந்துவிட்டார். 2000இல் வந்த ‘மென் ஆஃப் ஹானர்’ என்ற ஆங்கிலப் படம் அவருடைய கதைதான். ஹாஸ்டலில் அதைப் பார்த்தோம். அவர் கால் போன காட்சியில் எல்லோரும் கண் கலங்கினார்கள். எனக்கு மட்டும் வேறொரு இடத்தில் நெஞ்சு அடைத்தது. அது அவர் பரீட்சையில் தோற்ற இடம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பிரஷீர் 1931 ஜனவரி 19ஆம் தேதி அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், டோனிவில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். அப்பா வாரத்துக்குப் பயிர் செய்த விவசாயி. நிலம் ஒருத்தருக்கு, உழைப்பு இவருக்கு. ஒன்பது பிள்ளைகளில் இவர் ஆறாவது. கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க முடியாத காலம் அது. ஊர்ப் பள்ளியில் 1946 வரை படித்தார். அதோடு சரி. உயர்நிலைப் பள்ளிக்கூடத்து வாசலை அவர் மிதிக்கவில்லை.

1948 பிப்ரவரியில், பதினேழு வயதில், கடற்படையில் சேர்ந்தார். படைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று ஜனாதிபதி ட்ரூமன் ஆணையிட்டது அதே வருடம் ஜூலையில்தான். ஆணை காகிதத்தில் வந்துவிட்டது. கப்பலில் உடனே வந்துவிடவில்லை. கறுப்பின வீரர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது அதிகாரிகளுக்குச் சமைத்துப் பரிமாறும் வேலைதான். பிரஷீரும் அப்படித்தான் ஆரம்பித்தார். ஒருநாள் கடலில் விழுந்த விமானத்தைத் தேடி ஒரு டைவர் இறங்குவதைப் பார்த்தார். செம்புத் தலைக்கவசம், ஈயக் காலணி, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 86 கிலோ எடை. அந்த உடுப்போடு அந்த மனிதர் தண்ணீருக்குள் மறைந்து, மறுபடி ஏறி வந்தார். ஆனால் நானும் டைவர்தான் ஆவேன் என்று பிரஷீர் அன்றே முடிவு கட்டிவிட்டார்.

மனு மேல் மனு போட்டார். கடைசியில் இடம் கிடைத்தது. நியூஜெர்சியில் பேயோன் என்ற இடத்தில் பயிற்சி. படுக்கையில் பெயரில்லாத மிரட்டல் சீட்டுகள் கிடக்கும். இன்றைக்கு உன்னை மூழ்கடித்துவிடுவோம் என்ற மாதிரி. விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுகூட நினைத்தார். போகவில்லை. 1954இல் தேர்ச்சி பெற்றார். அந்தப் பள்ளியில் சேர்ந்து முடித்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

இதற்கு மேல்தான் நம்ம கதை ஆரம்பிக்கிறது, நண்பர்களே!

அடுத்த படி முதல்நிலை டைவர். அதற்கு 1960இல் வாஷிங்டனில் இருந்த ஆழ்கடல் டைவிங் பள்ளிக்குப் போனார். அங்கே தைரியமும் உடல்பலமும் மட்டும் போதாது. கணக்கு, இயற்பியல், டைவிங் மருத்துவம் எல்லாம் படிக்கணும். எட்டாத படிப்பு எட்டாமலே போனது. பிரஷீர் ஃபெயில்!

கடலில் மூழ்குகிற ஆளுக்குக் கணக்கு எதற்கு என்று நானும் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. கடலில் ஒவ்வொரு 33 அடிக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நாம் சுவாசிக்கிற காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆழத்தில் அந்த நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்துவிடும். மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாக வெளியே போய்விடும். அவசரப்பட்டு வந்தால்? கோலி சோடாவின் குண்டை அழுத்தினதும் நுரை பொங்குகிறதே, அதேதான் உடம்புக்குள் நடக்கும். மூட்டில் குமிழி வந்தால் தாங்க முடியாத வலி. முதுகுத் தண்டில் வந்தால் கால் விளங்காமலே போகலாம்.

இதற்கு வைத்தியம், பாதிக்கப்பட்டவரை இரும்பு உருளை மாதிரி இருக்கும் அழுத்த அறைக்குள் படுக்க வைத்து, மறுபடி அழுத்தம் ஏற்றி, குமிழியைச் சுருக்கி, கணக்குப்படி மெல்ல இறக்குவது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை கொண்டுவந்த ஆறாம் எண் சிகிச்சை அட்டவணைப்படி 60 அடி ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஆரம்பிக்கிறார்கள். 20 நிமிடம் முகமூடியில் சுத்த ஆக்சிஜன், 5 நிமிடம் சாதாரணக் காற்று, மறுபடி ஆக்சிஜன். முழுதாக முடிய 4 மணி 45 நிமிடம். தேவைப்பட்டால் இன்னும் நீளும்.

நோயாளியைத் தனியாக விட முடியாது. ஒரு டைவர் கூடவே உள்ளே போகணும். கதவு மூடினால் மூடினதுதான். தலை வலிக்கிறது, வீட்டில் வேலை இருக்கிறது என்று பாதியில் எழுந்து வெளியே வர முடியாது. நோயாளியின் கை கால் அசைகிறதா, தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே இருக்கணும். அழுத்தத்தில் ஆக்சிஜனே விஷமாகி வலிப்பு வரலாம். உதடு துடிக்கிறதா என்று கவனித்து உடனே முகமூடியை எடுக்கணும். அதோடு, உள்ளே காற்றைச் சுவாசிக்கிற அவர் உடம்பிலும் நைட்ரஜன் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே அவருக்கும் கணக்கு உண்டு. காப்பாற்றப் போனவரே அடுத்த நோயாளி ஆகிவிடக் கூடாதல்லவா!

நம்ம ஒர்க்ஷாப் கம்ப்ரஸரில் இருக்கிற அதே அழுத்த மீட்டர்தான் அங்கேயும். மீட்டர் பூஜ்யம் காட்டும்போதும் ஒரு வளிமண்டலம் நம்மேல் இருக்கிறது. அந்த ஒன்றைக் கூட்டினால்தான் 60 அடியில் ஏறத்தாழ 2.8 மடங்கு என்ற சரியான விடை வரும். அந்த ஒன்றைக் கூட்ட மறந்துதான் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் தேர்வில் நான் ஒரு பெரிய கணக்கையே கோட்டை விட்டேன். எனக்குப் போனது மார்க். அங்கே மறந்தால் போவது ஒரு மனிதனுடைய கால், அல்லது உயிர். அதனால்தான் கணக்குத் தெரியாத பிரஷீரை அந்தப் பள்ளி தேர்ச்சி என்று அனுப்பவில்லை. நிறம் பார்த்து மிரட்டியது அநியாயம். கணக்குப் பார்த்து நிறுத்தியது அநியாயம் இல்லை. இந்த வித்தியாசம் அவருக்குப் புரிந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் அவர் கோபித்துக்கொண்டு விலகவில்லை, உட்கார்ந்து படித்தார். கப்பல் வேலை முடிந்த பிறகு, சின்னப் பையன்கள் படிக்கிற கணக்கிலிருந்து ஆரம்பித்துப் படித்தார். மூன்று வருடம்! 1963இல் அதே பள்ளிக்குத் திரும்பிப் போனார். இந்தத் தடவை வகுப்பில் மூன்றாவதாக வந்தார்.

1966 ஜனவரியில் ஸ்பெயின் நாட்டுப் பாலோமாரெஸ் அருகே இரண்டு அமெரிக்க ராணுவ விமானங்கள் வானில் மோதின. நான்கு ஹைட்ரஜன் குண்டுகளில் ஒன்று கடலில் விழுந்தது. அதைத் தேடும் பணியில் ‘ஹாய்ஸ்ட்’ என்ற கப்பலில் பிரஷீர் இருந்தார். மார்ச் மாதம் ஒருநாள் கயிறு இழுத்த இழுப்பில் ஒரு குழாய் பிய்த்துக்கொண்டு வந்தது. கூட இருந்தவர்களை ஒதுக்கிவிடும்போது அது அவருடைய இடது காலில், முழங்காலுக்குக் கீழே அடித்தது. புண் ஆறவே இல்லை. கடைசியில் காலை எடுத்துவிடச் சொல்லி அவரே டாக்டர்களிடம் வற்புறுத்தினார்.

அதோடு பென்ஷன் வாங்கி வீட்டில் இருந்திருக்கலாம். செயற்கைக் காலோடு ஓடிப் பழகினார், நீருக்குள் இறங்கினார். சில நாள் ஓடி வந்து காலைக் கழற்றினால் உள்ளே ரத்தம் தேங்கியிருக்குமாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் தகுதி இல்லை என்று எழுதிவிடுவார்களே என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊற வைப்பாராம். 1968இல் மறுபடி டைவராகச் சான்று பெற்றார். கால் இழந்த ஒருவர் அமெரிக்கக் கடற்படையில் அப்படித் தகுதி பெற்றது அதுவே முதல் முறை. 1970இல் டைவர்களின் உச்சப் பதவியான மாஸ்டர் டைவர் ஆனார். அதிலும் முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1979இல் ஓய்வு பெற்றார். 2006 ஜூலை 25இல் காலமானார்.

2008இல் அமெரிக்கக் கடற்படை ஒரு சரக்குக் கப்பலுக்கு அவர் பெயரை வைத்தது. அதே ரகத்தைச் சேர்ந்த ‘சார்லஸ் ட்ரூ’ என்ற கப்பல் 2022 ஆகஸ்டில் ரிப்பேருக்காக நம்ம சென்னைக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளிக்கு வந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைத்தாலே ஒரு சந்தோஷம்.

இப்போது என் விஷயம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். எனக்குக் கணிதத்திலும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸிலும் அரியர். ஒரு வருடமாக வீட்டில் சொல்லவில்லை. லேத் பட்டறையில் வேலைக்குப் போய்விடலாம் என்று ஒரு இடம்கூடப் பேசி வைத்திருந்தேன். பிரஷீர் ஃபெயில் ஆனபோது அவருக்கு இருபத்தொன்பது வயது. எனக்குப் பதினெட்டு. அவர் மூன்று வருடம் காத்திருந்தார். எனக்கு ஏப்ரல் மாதம் பரீட்சை.

போன மாதம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று பயந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மறுபடி எழுத எவ்வளவு பணம் கட்டணும், எந்தத் தேதிக்குள் கட்டணும் என்று மட்டும் கேட்டார்.

பணம் கட்டிவிட்டேன். பட்டறைக்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஹாஸ்டல் மெஸ்ஸில் கடைசி மேஜையில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். அரியர் வைத்திருக்கிற நண்பர்கள் வெட்கப்படாமல் வந்து உட்காரலாம். தெரிந்தவர்கள் வந்து சொல்லித் தந்தால் இன்னும் நல்லது.



— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை