பத்திரிகை விற்ற சிறுவன்!

ரோல்ஸ் ராய்ஸ் காரை அறியாதவர் உண்டா? அதை உருவாக்கிய ஹென்றி ராய்ஸ், 1863-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார்.

ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். பத்திரிகை விற்றார், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். ரெயில்வே பட்டறையில் தொழில் பழகினார். பணம் கட்ட வழியின்றி அதுவும் பாதியில் நின்றது. ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. 1884-ல் மான்செஸ்டர் நகரில் சிறு மின்சாரப் பட்டறை வைத்தார்.

உழைப்பு பலன் தந்தது. பிறர் ஓட்டிய பழைய பிரெஞ்சுக் கார் ஒன்றை வாங்கினார். அதன் சத்தமும் ஓட்டமும் பிடிக்கவில்லை. பிரித்துப் பார்த்தார், குறைகளைக் கண்டார். அதைவிட நல்ல காரைத் தாமே செய்யத் துணிந்தார். 1904 ஏப்ரலில் அவருடைய முதல் கார் ஓடியது. பிறகு ரோல்ஸ் என்பவர் கூட்டுச் சேர்ந்தார்.

1933-ல் ராய்ஸ் காலமானார். அவர் காலத்துக் கார்களைப் பழைய கார் பிரியர்கள் இன்றும் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டி ஓட்டுகிறார்கள். அன்று ராய்ஸ் பாடம் கற்றதும் அப்படித்தான்!