குழந்தைகளுக்காக ஓவியம் தீட்டிய உபேந்திரகிஷோர்

செய்தித்தாளில் உள்ள ஒரு படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் உற்று நோக்குங்கள். முகமும் மரமும் மறைந்து எண்ணற்ற புள்ளிகளே தோன்றும். அப்புள்ளிகளின் கணக்கை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், குழந்தைகளுக்காக ஓவியம் தீட்டிய ஒரு வங்காளி என்பதை அறிந்தோர் சிலரே.

இன்று வங்காளதேசத்தில் உள்ள மசுவா என்னும் சிற்றூரில், 1863ஆம் ஆண்டு, காளிநாத் ராய் என்பாருக்கு அவர் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன். ஏறத்தாழ ஐந்து வயதில் உறவினரான ஜமீன்தார் ஒருவர் அவரைத் தத்தெடுத்து, உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி எனப் பெயர் மாற்றினார். பள்ளிப் பருவத்திலேயே ஓவியமும் இசையும் அவருக்குக் கைவந்தன. 1884இல் கல்கத்தாவில் பட்டம் பெற்றார். வயலின் வாசிப்பதில் அவருக்கு அளவிலா ஈடுபாடு உண்டு.

சிறுவர்களுக்காக இராமாயணத்தை எளிய வங்காளியில் எழுதி, தாமே படங்களும் வரைந்தார். நூல் அச்சாகி வந்தபோது அவர் உள்ளம் நொந்தது. அக்காலத்தில் ஓவியத்தை மரக்கட்டையில் வேறொருவர் செதுக்கியே அச்சிடுவர். செதுக்குவோரின் உளிக்கு மெல்லிய கோடுகளும் நிழலும் அகப்படவில்லை. தாம் வரைந்த படங்களைத் தாமே அடையாளம் காண இயலாத நிலை!

மற்றொருவராயின் பதிப்பாளரைக் கடிந்துகொண்டு அமைந்திருப்பார். உபேந்திரகிஷோரோ தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, இலண்டனிலிருந்து கேமராவும் பிற கருவிகளும் வரவழைத்தார். 1895இல் கல்கத்தாவில் தமது பிளாக் தொழிலகத்தை நிறுவினார். நுண்ணிய கோடுகள் இட்ட கண்ணாடித் திரையின் வழியாகப் படம் பிடித்தால், கருமையான இடம் பெரும் புள்ளிகளாகவும் வெளிர் இடம் சிறு புள்ளிகளாகவும் பிரியும். இதுவே 'ஹாஃப்டோன்' முறை. திரை எவ்வளவு தொலைவில் இருத்தல் வேண்டும், ஒளி புகும் துளை எவ்வளவு அகலமாக இருத்தல் வேண்டும் என்பதைப் பிறர் அனுபவத்தால் தடவித் தடவிச் செய்து வந்தனர். அவர் கணக்கிட்டுக் கண்டார். 1897 முதல் அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் இங்கிலாந்தின் புகழ்பெற்ற அச்சுத்தொழில் ஆண்டிதழில் வெளிவந்தன. கடல் கடந்து சென்று கற்காமலேயே அவர் இதனைச் சாதித்தார்.

1910இல் 'துன்துனிர் பொய்' வெளிவந்தது. 'பொய்' என்றதும் நகையாதீர். வங்காளியில் அது நூல் என்று பொருள்படும். துன்துனி என்பது தையற்சிட்டு. நம் தோட்டத்துப் புதர்களிலும் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுமே, அதே பறவைதான். இரவு உணவுக்கு முன்னரே உறங்கிவிடும் குழந்தைகளை விழித்திருக்கச் செய்ய, கிழக்கு வங்கத்துப் பெண்கள் சொல்லி வந்த கதைகள் அவை. அவற்றில் புலி ஏமாறும், நரி வெல்லும், அரசனையே சிட்டு எள்ளி நகையாடும்.

1913இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். அச்சொல்லுக்குச் செய்தி என்றும், வங்காளத்து இனிப்புப் பண்டம் என்றும் இருபொருள் உண்டு. எழுதியவரும் வரைந்தவரும் அச்சிட்டவரும் பெரும்பாலும் அவரே. ஆயின் நீரிழிவு நோய் அவரை வாட்டியது. அதற்குரிய இன்சுலின் மருந்து கண்டறியப்பட்டதோ 1921இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1915 டிசம்பர் 20ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார்.

இங்கிலாந்தில் அச்சுக்கலை பயின்று திரும்பிய மகன் சுகுமார் ராய் இதழைத் தொடர்ந்து நடத்தினார். அவரும் 1923இல் இளவயதிலேயே மறைந்தார். பின்னர் அச்சகம் கைமாறியது, இதழும் நின்றது. பாட்டனாரைக் காணாமலேயே வளர்ந்த பேரன்தான் திரைப்பட மேதை சத்யஜித் ராய். அவரும் ஓர் ஓவியரே. 1961இல் 'சந்தேஷ்' இதழை நண்பர் ஒருவருடன் சேர்ந்து மீண்டும் வெளியிட்டு, அதற்குத் தம் கையாலேயே படங்கள் வரைந்தார்.