காசி வளர்த்த கவிஞர்

தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் முன்னோர் ஒரு பழமொழி சொல்லி வைத்தனர். பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்று மற்றொன்றையும் அவர்களே சொல்லி வைத்தனர். முன்னது, மனிதனின் இயல்பு இளமையிலேயே அமைந்து இறுதிவரை நிலைக்கும் என்கிறது. பின்னது, சேர்ந்த இடத்திற்கேற்ப அவன் மாறுவான் என்கிறது. இவ்விரண்டில் எது மெய் என்னும் வினா, பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடிப்போருக்குப் பட்டிமன்றப் பொருளாக இருக்கலாம். பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டுக் குடியேறியுள்ள நமக்கோ அது அன்றாடக் கவலையாகும். நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழி, விளையாட்டுத் திடலில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி பேசுகின்றனர். இவர்கள் நாளை யாராக வளர்வார்களோ என்று நம் காலனித் தாய்மார்கள் ஏங்குவதைப் பலமுறை கேட்டிருக்கிறோம்.

இக்கவலையை மனத்திற் கொண்டு மகாகவி சுப்பிரமணிய பாரதியாரின் வாழ்க்கையைச் சிறிது நோக்குவோம். அவரும் ஒரு காலத்தில் நம் பிள்ளைகளைப் போலவே வெளிமாநிலத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைதான்.

1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னச்சாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாக அவர் பிறந்தார். வீட்டில் சுப்பையா என்று அழைத்தனர். ஐந்தாம் வயதில் அன்னையை இழந்தார். தந்தையார் கணிதத்திலும் இயந்திரங்களிலும் ஈடுபாடு கொண்டவர். ஆங்கிலம் பயின்று மகன் உயர்ந்த உத்தியோகம் பெற வேண்டும் என்று விரும்பியவர். மகனுடைய மனமோ கணக்கிற் செல்லாமல் கவிதையிற் சென்றது. ஏறக்குறைய பதினொரு வயதில் எட்டயபுரம் புலவர் அவை அச்சிறுவனின் கவித்திறனைச் சோதித்து, பாரதி என்னும் பட்டத்தை வழங்கியது. இயல்பாய் ஊறிய திறனைத் தந்தையின் கண்டிப்பும் தடுக்க இயலவில்லை. ஆனால் அத்திறனை மதித்துப் பெயர் சூட்டுவதற்கு ஓர் அவையும் அவ்வூரில் இருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. வித்து அவருடையது, விளைந்த நிலம் எட்டயபுரத்தினுடையது.

1897-இல் செல்லம்மாளுடன் திருமணம் நிகழ்ந்தது. மணமகனுக்கு வயது பதினான்கு; மணமகளுக்கு ஏழு. மறு ஆண்டே தந்தையார் காலமானார். அவர் பெருமுயற்சியோடு நிறுவிய பஞ்சாலை ஏற்கெனவே நொடித்துப் போயிருந்தது. ஆதரவற்ற சுப்பையாவைக் காசியில் வாழ்ந்த அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ண சிவனும் அழைத்துக் கொண்டனர்.

கங்கைக் கரையில் அனுமான் கட்டத்தில் அவர்கள் இல்லம் இருந்தது. அங்கே சுப்பையா வடமொழியும் இந்தியும் கற்று, அலகாபாத் பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சையில் தேறினார். புத்தகப் படிப்பினும் பெரிய படிப்பை அந்நகரம் அவருக்கு அளித்தது. பாரத நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வந்து கூடும் படித்துறைகளில் அவர் உலவினார். பல மொழிகளைக் கேட்டார்; பல வகை உடைகளைக் கண்டார். எட்டயபுரத்துச் சிறுவனுக்குப் பாரதம் என்பது பாடத்தில் வரும் ஒரு சொல்லாக இருந்திருக்கக் கூடும். காசியில் அது கண்முன் நடமாடும் மக்கள் கூட்டமாயிற்று. பின்னாளில் அவர் பாடிய நாட்டுப் பற்றின் வேர் இங்கேதான் ஊன்றியது என்று நாம் கருதுகிறோம்.

தோற்றமும் மாறிற்று. குடுமி போயிற்று, மீசை வந்தது, தலையில் வடநாட்டாரைப் போன்ற தலைப்பாகை ஏறியது. இன்று நம் பள்ளிகளின் சுவர்களில் காணும் பாரதியாரின் திருவுருவம் காசி தந்த கோலமே. ஆசாரத்தில் ஊறிய கிருஷ்ண சிவனுக்கு இது பொறுக்கவில்லை. பிள்ளை கெட்டுவிட்டான் என்றே அவர் எண்ணினார். அவனோடு அமர்ந்து உண்பதையும் தவிர்த்தார். இத்தகைய வருத்தம் நம் வீடுகளுக்கும் புதிதன்று.

அப்போது நிகழ்ந்ததாக அவருடைய சரித்திரம் எழுதியோர் ஒரு செய்தி கூறுவர். மார்கழித் திருவாதிரை நாளில் பூசை நடைபெறுகையில் திருவெம்பாவை பாடவேண்டிய ஓதுவார் வரவில்லை. எல்லோரும் செய்வதறியாது நின்றபோது, தலைப்பாகையும் மீசையுமாக நின்ற சுப்பையா முன்வந்து உருகிப் பாடினார். கேட்ட கிருஷ்ண சிவனின் சினம் கரைந்தது. பிள்ளையை அணைத்துக் கொண்டார். புறக்கோலம் கண்டு தாம் அஞ்சியது நேரவில்லை, உள்ளே தமிழ் அப்படியே இருக்கிறது என்று அவர் தெளிந்திருக்க வேண்டும்.

ரயில்வே அலுவலகத்தில் பணிப் பதிவேடுகளோடு காலம் கழிக்கும் நமக்கு இங்கே ஒன்று தோன்றுகிறது. ஒருவர் வேலையிற் சேரும் நாளில் எழுதப்படும் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் ஆகியவை ஓய்வு பெறும் நாள்வரை அப்படியே நிற்கும். பதவியும் சம்பளமும் ஊரும் பக்கத்துக்குப் பக்கம் மாறிக்கொண்டே வரும். முதற் பக்கம் மட்டும் அம்மனிதர் ஆகிவிடாது. பின்னுள்ள பக்கங்கள் மட்டும் ஆகிவிடா. எல்லாம் சேர்ந்து கட்டப்பட்டதே பதிவேடு.

காசியிலிருந்து எட்டயபுரம் திரும்பிய பாரதியார் சில காலம் அரண்மனையிற் பணி செய்தார். ஷெல்லி என்னும் ஆங்கிலக் கவிஞரிடம் கொண்ட காதலால் தம்மை ஷெல்லிதாசன் என்று அழைத்துக் கொண்டார். 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தபின், அவ்வாண்டு நவம்பரில் சுதேசமித்திரன் பத்திரிகையின் உதவியாசிரியராகச் சென்னை சென்றார். அரண்மனைப் புலவராக முடிந்திருக்கக் கூடிய வாழ்க்கை நாட்டு மக்களை நோக்கித் திரும்பிற்று.

அடுத்த பெரும் மாற்றம் ஒரு பெண்மணியால் விளைந்தது. 1905-ஆம் ஆண்டு இறுதியில் காசியிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குச் சென்ற பாரதியார், அப்பயணத்தை ஒட்டிக் கல்கத்தா அருகே நிவேதிதா தேவியைச் சந்தித்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அவ்வம்மையார் வினவினார். பெண்களைப் பொது இடங்களுக்கு அழைத்து வருவது வழக்கமில்லை என்ற பொருள்பட விடையளித்த பாரதியாரை அவர் வருத்தத்தோடு திருத்தினார். அச்சந்திப்பைப் பாரதியார் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. அவரையே குருவாகக் கொண்டு, தம் நூல்களை அவருக்குக் காணிக்கை ஆக்கினார். அதே கேள்வியை வேறொருவர் செவியுற்றிருந்தால் நாணி மறந்திருப்பார். தவற்றை ஏற்கும் உள்ளம் பாரதியாருக்கு இயல்பாய் இருந்ததால் அவ்வொரு கேள்வி அவரைப் புதியவர் ஆக்கிற்று.

1908-இல் அடக்குமுறை வலுத்தபோது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார். கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அந்த அஞ்ஞாதவாசத்தின் விளைவுகள். 1913-இல் தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த கனகலிங்கம் என்னும் இளைஞருக்குத் தம் கையாலேயே பூணூல் அணிவித்தார். காசியில் குடுமியைக் களைந்தது தோற்றத்தின் மாற்றம். இது பிறந்த குலத்தின் வேலியையே கடந்த மாற்றம்.

இம்மாற்றங்களின் விலையைச் செலுத்தியவர் செல்லம்மாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். உலை வைக்கக் கடன் வாங்கி வைத்திருந்த அரிசியைக் கணவர் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்ததும், அன்று வீட்டில் நேர்ந்த திண்டாட்டமும் அவ்வம்மையார் வாயிலாகவே உலகறிந்தவை. ஊரார் ஏச்சையும் வறுமையையும் தாங்கி இரு பெண்மக்களை வளர்த்த அவருடைய பொறுமை இல்லையேல், நாம் அறிந்த பாரதியார் இல்லை. ஒரு மனிதரை உருவாக்கும் சமூகத்தில் முதல் அங்கம் அவர் வீடு.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதியார் கடலூர் அருகே கைதாகி, சில வாரங்களில் விடுதலை பெற்றார். மனைவியின் ஊராகிய கடையத்தில் சுமார் இரண்டாண்டுகள் வாழ்ந்து, 1920-இல் மீண்டும் சுதேசமித்திரனிற் சேர்ந்தார். 1921 செப்டம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், முப்பத்தொன்பது வயது நிறையுமுன் திருவல்லிக்கேணியில் மறைந்தார். அவரை வளர்த்த காசியும் அவரை மறக்கவில்லை. அனுமான் கட்டத்து இல்லத்தில் 2022-இல் தமிழ்நாடு அரசு அவருக்கு நினைவிடம் திறந்தது.

இவ்வாழ்க்கையை நோக்குங்கால் பழமொழிகள் இரண்டும் மெய்யென்றே படுகிறது. மணம் பூவிலிருந்து வந்தது. அதை ஏற்கும் தன்மை நாரிடம் இருந்தது. காசிக்குப் புறப்பட்டபோது சுப்பையாவுக்கு வயது பதினைந்து. அதற்குள் அவர் நெஞ்சில் தமிழ் நிறைந்திருந்தது. அதனால் வடமொழியும் இந்தியும் ஆங்கிலமும் அவர் தமிழைக் கரைக்காமல் வளர்த்தன.

ஆகவே, பெற்றோர்களாகிய நாம் செய்யத்தக்கது எளியதே. பிள்ளைகள் சிறுவராய் இருக்கும்போதே வீட்டில் தமிழ் பேசுவோம். எழுதப் படிக்கக் கற்பிப்போம். பாடச் சொல்லிக் கேட்போம். அதன்பின் அவர்கள் இவ்வூரின் மொழியையும் உடையையும் நட்பையும் விரும்பி ஏற்றால் அஞ்ச வேண்டியதில்லை. தலைப்பாகையைக் கண்டு சினந்த கிருஷ்ண சிவனைப் போல் நாமும் சில நாள் வருந்தலாம். பாட்டைக் கேட்டு அணைத்துக் கொண்ட கிருஷ்ண சிவனாக இருப்பதே நமக்கு அழகு.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!