ஏழு பிள்ளைகளோடு தொடங்கின பள்ளிக்கூடம்



நாங்கள் தமிழில் கேட்க எங்கட பிள்ளைகள் வேற மொழியில் மறுமொழி சொல்லுதுகள். இது அகதியாய் வந்த எங்களுக்கு மட்டும் உள்ள கவலை எண்டுதான் நானும் நினைச்சிருந்தேன். ஆனால் சொந்த மண்ணிலேயே இருந்துகொண்டு இதே கவலையைப் பட்ட ஒரு இனம் இருக்கிறது. இங்கிலாந்துக்குப் பக்கத்தில் உள்ள வேல்ஸ் நாட்டு மக்கள்தான் அவர்கள். அந்த மொழிக்காக உழைத்த இவான் அப் ஓவன் எட்வேர்ட்ஸ் என்பவரின் கதையை இங்கே எழுதுகிறேன்.

இவருடைய தகப்பனார் ஓ. எம். எட்வேர்ட்ஸ் ஒரு கிராமத்துப் பிள்ளை. அவர் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் வெல்ஷ் மொழி கதைச்சால் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். வேற பிள்ளை வெல்ஷ் கதைச்சுப் பிடிபட்டால் அது அந்தப் பிள்ளையின் கழுத்துக்கு மாறும். பள்ளி முடியும் நேரம் யாரிட்டை இருக்கோ அவருக்கு அடி. இப்படி ஒரு சட்டம் இருக்கவில்லை. ஆங்கிலம் படிச்சால்தான் முன்னேறலாம் எண்டு நம்பின பெற்றோர் பலரும் இதற்குச் சம்மதித்திருந்தார்கள் என்பதுதான் கொடுமை. அந்த மரத்துண்டைச் சுமந்த பிள்ளையே 1907இல் வேல்ஸ் பாடசாலைகளின் தலைமைப் பரிசோதகராக வந்தார். வெல்ஷ் மொழியில் சிறுவர் சஞ்சிகையும் நடத்தினார்.

மகன் இவான் 1895இல் பிறந்தார். முதலாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பி வந்து படித்து ஆசிரியரானார். 1920இல் தகப்பன் இறக்க, அந்தச் சஞ்சிகை மகன் கைக்கு வந்தது. வெல்ஷ் பிள்ளைகள் விளையாடுவதும் வாசிப்பதும் ஆங்கிலத்தில் ஆகிவிட்டதைக் கண்டு அவர் மனம் வருந்தினார். 1922 தை மாத இதழில் ஒரு அழைப்பு விடுத்தார். அப்படித் தொடங்கியதுதான் 'இர்த்' என்ற பிள்ளைகள் இயக்கம்.

அவர் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்துகொண்டு இருக்கவில்லை. 1928இல் கோடைகால முகாம், 1929இல் கலைவிழா, பிறகு விளையாட்டுப் போட்டி எண்டு எல்லாத்தையும் வெல்ஷ் மொழியில் நடத்தினார். 1935இல் அந்த மொழியின் முதல் பேசும் படத்தையும் எடுத்தார். மொழி எண்டால் பரீட்சைக்கு மட்டும் இல்லை, சந்தோசத்துக்கும்தான் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

1939இல் இரண்டாம் உலகப் போர் வந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து லிவர்பூல் நகரத்துப் பிள்ளைகளை அவர் வாழ்ந்த அபரிஸ்ட்வித் ஊருக்கு அனுப்பினார்கள். பாவம், அதுகளும் இடம்பெயர்ந்த பிள்ளைகள்தான். ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடம் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளால் நிரம்ப, வெல்ஷ் மொழி அடிபட்டுப் போகும் நிலை வந்தது. அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அந்த வருசம் புரட்டாதியிலேயே இயக்கத்தின் கட்டிடத்தில் வெல்ஷ் மொழிப் பள்ளி ஒன்றைத் திறந்தார். வந்தது ஏழே ஏழு பிள்ளைகள். அதில் ஒருவர் அவருடைய சொந்த மகன். நோரா ஐசக் என்ற இளம் ஆசிரியை படிப்பித்தார்.

தங்கட பிள்ளையை வைச்சு இப்படித் துணிய எத்தனை பேருக்கு மனம் வரும்?

1945 முடியும்போது அங்கே 81 பிள்ளைகள் படித்தார்கள். 1947இல் லனெல்லி நகரத்தில் அரசாங்கச் செலவிலேயே வெல்ஷ் மொழி ஆரம்பப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. 1956இல் உயர்தரப் பள்ளியும் வந்தது. இவான் 1970இல் காலமானார்.

எல்லாம் வென்றுவிட்டார்கள் எண்டு சொல்ல ஏலாது. 1901இல் வேல்ஸ் மக்களில் பாதிப்பேர் அளவில் வெல்ஷ் பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் அது 17.8 வீதம்தான். ஆனால் வெல்ஷ் மொழியிலேயே படிப்பிக்கும் பள்ளிகள் இண்டைக்கு நாடு முழுக்க இருக்கின்றன. வீட்டில் அந்த மொழி பேசாத பெற்றோரும் பிள்ளைகளை அங்கே அனுப்புகிறார்கள்.

இன்னொரு விசயம். 2021இல் ஆப்கானிஸ்தானில் இருந்து தப்பி வந்த அகதிக் குடும்பங்களுக்குக் கார்டிவ் நகரத்தில் தங்க இடம் கொடுத்தது இதே இர்த் இயக்கம்தான். தன் மொழியை நேசிக்கிறவனுக்கு மற்றவன்ட துயரமும் விளங்கும்.

எங்கட சனி, ஞாயிறு தமிழ் வகுப்புக்கு ஆக்கள் வருவது குறைவு எண்டு கவலைப்படுகிறோம். ஏழு பேர் வந்தாலும் கதவைத் திறந்து வைப்போம். அந்த ஏழு பேரில் எங்கட பிள்ளையும் ஒன்றாக இருக்கட்டும்.