சொற்களுக்கு ஜோடி சேர்த்த டாக்டர்

"ஓல்ட்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன?

பழைய சட்டைக்கு எதிர், புதிய சட்டை. அப்போது எதிர்ச்சொல் "நியூ". வயதானவருக்கு எதிர், இளைஞர். அப்போது எதிர்ச்சொல் "யங்".

சொல் ஒன்று, பொருள் இரண்டு, எதிர்ச்சொல்லும் இரண்டு!

இப்படி ஆங்கிலச் சொற்களைப் பொருள் பார்த்துப் பிரித்து, ஜோடி ஜோடியாக நிறுத்திக் காட்டியவர் ஒரு டாக்டர். அவர் பெயர் பீட்டர் மார்க் ரோஜே.

தந்தை மறைவு

ரோஜே, 1779-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஜெனீவா நகரைச் சேர்ந்த பாதிரியார். மகனுக்கு 4 வயது ஆனபோது அவர் இறந்துவிட்டார். தாயார் கேதரின் பிள்ளைகளுடன் ஊர் ஊராகக் குடிமாறினார்.

ரோஜே எடின்பரோ நகரில் வைத்தியம் படித்தார். 19-வது வயதில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு மான்செஸ்டர் ஆஸ்பத்திரியில் வேலைக்கு அமர்ந்தார்.

சொந்த உபயோகத்துக்கு

எழுத உட்கார்ந்தால் கருத்து வரும். சரியான சொல் வராது. அகராதியைப் புரட்டினால் பயன் இல்லை. சொல் தெரிந்தால்தானே அகராதி பொருள் சொல்லும்?

ஆகவே, பொருள்வாரியாகச் சொற்களைத் தொகுத்து, தமக்கென ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டார். அது முடிந்தது 1805-ம் ஆண்டில். அதை அச்சிடவில்லை. தாம் எழுதும்போது மட்டும் எடுத்துப் பார்ப்பார்.

அடுக்கடுக்கான துயரம்

தந்தைபோல் ஆதரித்தவர் தாய்மாமன் சர் சாமுவேல் ரோமிலி. பெயர்பெற்ற வக்கீல். 1818-ல் மனைவி இறந்த துக்கம் தாளாமல், சில நாட்களிலேயே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1833-ல் ரோஜேயின் மனைவி மேரியும் காலமானார். இரண்டு குழந்தைகள் தாயை இழந்தனர்.

ரோஜே மனம் தளரவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞான சங்கத்தின் காரியதரிசியாக 1827 முதல் 1848 வரை உழைத்தார்.

73 வயதில் புத்தகம்

ஓய்வு கிடைத்ததும் பழைய பட்டியலைக் கையில் எடுத்தார். அதை விரிவாக்கி, 1852-ல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 73! புத்தகத்தின் பெயர் "தெசாரஸ்". கருவூலம் என்று பொருள்.

அதில் 1,000 தலைப்புகள். ஒரு பத்தியில் "இருத்தல்" பற்றிய சொற்கள். பக்கத்துப் பத்தியில் "இல்லாமை" பற்றிய சொற்கள். வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருட்டு. எல்லாச் சொற்களும் இப்படி இரண்டாகப் பிரிந்துவிடவில்லை. ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் இடையே "நடு" என்பதற்கும் இடம் கொடுத்தார்.

"உண்மை" என்பதற்கு எதிர்ச்சொல் எது? நாம் அறிந்துகொள்ளும் உண்மைக்கு எதிர், தவறு. பிறரிடம் சொல்லும் உண்மைக்கு எதிர், பொய். இந்த வித்தியாசத்தையும் முன்னுரையில் விளக்கினார்.

"லைட்" என்றால் வெளிச்சம். கனம் இல்லாதது என்றும் பொருள். முதலாவதற்கு எதிர்ச்சொல் "டார்க்", இரண்டாவதற்கு "ஹெவி". எதிர்ச்சொல் தேடுகிறவர் முதலில் பொருளைத் தேட வேண்டும். ரோஜேயின் புத்தகம் கற்பிக்கும் பாடம் இதுதான்.

ஓயாத கை

புத்தகம் அமோகமாக விற்றது. மீண்டும் மீண்டும் அச்சாயிற்று. முதுமையிலும் ரோஜே புதிய சொற்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

1869-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி, 90-வது வயதில் அவர் காலமானார். அவருக்குப் பின் மகன் ஜான் அந்த வேலையைத் தொடர்ந்தார். மகனுக்குப் பின் பேரன் தொடர்ந்தார்.

தமக்காக எழுதிவைத்த பட்டியல், உலகத்துக்கே உதவும் புத்தகமாயிற்று!